குறை மரியத்திடம் இல்லை

என் செல்லத் தம்பி காசிமுக்கு,

உன் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்கட்டும் என்று துஆ செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். துஆ முடிந்தது. இனி உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

நீ மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மனைவி மரியம் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்து, தேவிபட்டினத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். தொண்டியில் மனைவியை இழந்த ஒரு மளிகைக் கடைக்காரர் அவளைப் பெண் கேட்டார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் அவருடைய தாயார் பின்வாங்கிவிட்டார். "எட்டு வருஷம் வாழ்ந்தும் ஒரு புள்ள இல்ல. மலடியைக் கட்டி எம்மகன் என்ன செய்யிறது?" என்றாராம்.

அந்தப் பேச்சு தொண்டிவரை எப்படிப் போனது? என் வாயால்தான். கல்யாண வீடு ஒன்று பாக்கியில்லாமல் 'காய்க்காத மரம்' என்று அவளைச் சொல்லித் திரிந்தவள் நான். கர்ப்பிணிக்குச் சோறு ஊட்டும் விருந்தில் அவளைப் பக்கத்தில் உட்கார விட்டதில்லை. நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?

போன மாதம் உன் தகரப் பெட்டியை ஒழித்தேன். அடியில் காலியான ஊசி மருந்துக் குப்பிகளும் ஒரு டாக்டர் சீட்டும் கிடந்தன. தேவிபட்டினம் போய் மரியத்திடம் கேட்டேன்.

"அதைக் கடல்ல போட்டுருங்க மைனி. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவுக சத்தியம் வாங்கிட்டாக."

நான் விடுகிற ஆளா? சீட்டோடு ராமநாதபுரம் போய் அந்த டாக்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் தயங்கினார். மரியத்தின் நிலைமையைச் சொன்ன பிறகு விளக்கினார்.

ஆணின் விரையில் டெஸ்டோஸ்டிரோன் என்று ஒன்று சுரக்கிறதாம். தாடி, குரல், தெம்பு, எலும்பின் பலம், மனசின் உற்சாகம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டாம். சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியில் உள்ள ஒரு சுரப்பி ஆள் அனுப்புமாம். உன் உடம்பில் ஆள் வந்தான். வேலை செய்யத்தான் இடம் கெட்டுப்போயிருந்தது. இருபத்தைந்து வயதிலும் கன்னத்தில் நாலு முடி, நாலு மூட்டை தூக்கினால் மூச்சுவாங்கல். உன்னைச் சோம்பேறி என்று ஏசினேனே, அது இதுதான்.

"பொம்பளைக்கும் இது கொஞ்சம் ஊறும்மா. ஆண் சுரப்பு, பெண் சுரப்பு ரெண்டும் எல்லாருக்கும் உண்டு, அளவுதான் வேற" என்றார்.

"அப்ப எனக்கும் இருக்கா?"

என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "தாராளமா இருக்கும்" என்றார்.

சிரிப்பு வந்தது. அடுத்து, உனக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று அவர் கேட்டதும் அது அடங்கிவிட்டது. பதினான்கு வயதில் வந்ததே, நினைவிருக்கிறதா? ஊர் வழக்கப்படி என் தங்கச் சங்கிலியைக் கழட்டி உன் கழுத்தில் போட்டேன். மூன்றாம் நாள் நீ என் காதருகே வந்து, "ராத்தா, கீழேயும் வீங்கி வலிக்குது" என்றாய். "சீ, வெக்கங்கெட்டவனே, அக்காகிட்ட பேசுற பேச்சா இது?" என்று விரட்டினேன். கழுத்து வற்றியதும் சங்கிலியை வாங்கிக்கொண்டேன். அந்த நோய்தான் கீழே இறங்கி விரையைச் சுருக்கிவிட்டதாம். அன்றைக்கே கூட்டி வந்திருந்தாலும் முழுசாகத் தடுத்திருக்க முடியாது என்றார் டாக்டர். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அன்றைக்கு உன்னை விரட்டாமல் இருந்திருந்தால், பிறகு வந்ததையாவது என்னிடம் சொல்லியிருப்பாயோ?

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றதும் மரியம் மிச்சத்தைச் சொன்னாள். சோதனைக்காக ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் ஜாடியில் பிடித்து மதுரைக்கு ரயிலில் கொண்டுபோனீர்களாம். பக்கத்து இருக்கைக்காரர் கேட்டதற்குக் கஷாயம் என்றாயாம். ஊசி போட ஆரம்பித்ததும் உனக்குத் தாடி அடர்ந்தது, முகம் தெளிந்தது. என் ஆட்டுக்கால் சூப்பின் மகிமை என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். தெம்பு வரும், பிள்ளை வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாராம்.

உன்மேல் எனக்குக் கோபம், காசிம். என்மேல் அதைவிட அதிகம். நான் ஏசினேன், நீ ஒளிந்துகொண்டாய், அவள் சுமந்தாள்.

நேற்று தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்குப் போனேன். புறப்படும்போது மரியம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வேணாம் மைனி, மவுத்தானவுகளுக்கு ஆம்பளைப் பேரு போயிரும்."

"அவனுக்கு இனி அந்தப் பேரு எதுக்குடி? உனக்கு வயசு இருபத்தெட்டு" என்றேன்.

கடைக்காரரின் தாயார் முன்னால் அத்தனையும் சொன்னேன். செத்தவனைப் பற்றி இப்படிப் பேச நா கூசவில்லையா என்று கேட்டார். "கூசுது. உசுரோட இருக்கிறவளை எட்டு வருஷம் பேசுனேனே, அப்பத்தான் கூசியிருக்கணும்" என்றேன். பிள்ளை பிறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அதை யாராலும் கொடுக்க முடியாது. குறை அவளிடம் இருந்ததாக எந்த டாக்டரும் சொல்லவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அந்த அம்மா, "நிக்காஹை வார வெள்ளிக்கிழமை வச்சுக்குவமா?" என்றார்.

உன்னிடம் கேட்காமல் உன் ரகசியத்தை உடைத்துவிட்டேன். ஊர் இரண்டு நாள் பேசும். பேசட்டும், பதில் சொல்ல நான் இருக்கிறேன். நிக்காஹில் பெண் வீட்டுக்காரியாக நான் நிற்பேன். பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், என் காதுபட அவளை இனி ஒருவரும் அந்தச் சொல்லால் அழைக்க முடியாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்கும், இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மரியத்துக்கும்,
ராத்தா
பல்கீஸ்