விட்பி வீட்டின் வில்லோ வேலி

ஏப்ரல் 12, ஞாயிறு

வெயில் எறித்தும் கனடாக் குளிர். காலையிலேயே விட்பி, பேத்தி துஷாவின் புது வீடு. மகன் கார் ஓடினான்.

பின்வளவு வெறும் மண். பின்வீட்டுக் குசினி யன்னல் நேரே இவர்கள் சாப்பாட்டு மேசையைப் பார்க்கிறது. பலகை வேலி வேண்டாமாம், உயிர்வேலி வேண்டுமாம். துஷாவின் புருசன் நிரோ வில்லோத் தடிகள் வாங்கி வாளித் தண்ணீரில் வைத்திருந்தான். மொத்தமான தடி ஒரு கட்டு, ஆளுயர மெல்லிய கம்பு ஒரு கட்டு. நட்டால் வேர்விடும், வளைத்துப் பின்னலாம்.

துஷா வேலியை இரண்டாகப் பிரித்தாள். “அப்பம்மா இந்தப் பக்கம், அம்மம்மா அந்தப் பக்கம். ஓகே?”

ஓகே. எனக்கு மொத்தத் தடி. ஊரில் வேலிக்குக் கதியால் நட்டுப் பழகின கை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் நான் நட்டது எதுவும் பட்டுப்போனதில்லை. அலவாங்கால் குழி குத்தி, தடியை இறக்கி, மண்ணை மிதித்து, மளமளவென்று. துஷா ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தாள். “இஞ்ச தா பிள்ளை” என்று பறித்து நானே நட்டேன்.

சம்பந்தியம்மா, மருமகளின் தாய், ரீச்சராக இருந்தவர். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நடுகிறார். புல் முளைக்காமல் கறுப்புத் துணி விரித்து, ஓட்டை போட்டு, மெல்லிய கம்புகளை இடமும் வலமும் சரித்து. துஷா அங்கேயும் தலைகீழாகத்தான் நட்டாள்.

“மொட்டு மேல பாக்கவேணும் என்ன, அம்மம்மா?”

“ஓம். இழுத்துப்போட்டு நீயே திருப்பி நடு.”

இரண்டு பேரும் சிரிப்பு. சிரிக்க என்ன இருக்கிறது?

முக்கியம்: துஷா மூன்று மாதம்! பிள்ளை பிறந்ததும் பத்தியம் பார்க்க ஓர் ஆள் வந்து நிற்கவேண்டும். மருமகளுக்கு வேலை. மிச்சம் ஓர் அறைதான். நானா, சம்பந்தியம்மாவா? நான்தான். வேறு யார்? துஷா பள்ளிக்கூடம் போகும்வரை என் மடியில் வளர்ந்தவள். சம்பந்தியம்மா அப்போது ஜெர்மனியில்.

ஏப்ரல் 14, வருசப் பிறப்பு

மழை. துஷா கைவிசேடக் காசு வாங்க வந்தாள். முதல் கை என் கை என்று நினைத்து வெற்றிலையோடு காத்திருந்தேன். ஏற்கெனவே யூனியன்வில்லுக்குப் போய்ச் சம்பந்தியம்மாவிடம் வாங்கிவிட்டாளாம். “வாற வழிதானே அப்பம்மா.”

விட்பியிலிருந்து இங்கே வோபர்னுக்கு வர யூனியன்வில் எந்த வழியில் வருகிறது?

வாங்க: முழங்கால் எண்ணெய், பால், கடுகு. சீனி வருத்தக் குளிசை முடிகிறது.

மே 24, ஞாயிறு

வெக்கை. விட்பி. என் தடிகள் உச்சியில் மட்டும் துளிர். கீழே மொட்டைக் கால். சுற்றிவரப் புல். யன்னல் அப்படியே தெரிகிறது. சம்பந்தியம்மாவின் பக்கம் அடியிலிருந்தே பச்சை, வலை விரித்த மாதிரி. வயிறு எரிந்தது. மத்தியானக் கறி காரம் வேறு.

“இடையில தென்னங்கிடுகு கட்டினா மறைஞ்சிடும்” என்றேன்.

“கிடுகுக்கு விட்பியில எங்க போறது, அக்கா?”

அக்காவாம்! ஒரே வயது. நிரோ சிரித்தான். துஷாவும்.

எல்லோரும் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனதும் சம்பந்தியம்மாவின் வரிசையில் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று வேர். அவசரமாகத் திரும்பச் செருகினேன். நிமிர்ந்தால் பின்வீட்டு மனுசி யன்னலில் நின்று கை காட்டுகிறாள். நானும் காட்டினேன்.

ஜூன் 3, புதன்

துஷா போன்.

“அப்பம்மா, கோவிக்கக் கூடாது. பிள்ளை பிறந்தா அம்மம்மாவை வந்து நிக்கச் சொல்லியிருக்கிறன்.”

“அவவுக்குப் பத்தியச் சரக்குத்தூள் வறுக்கத் தெரியுமோ?”

“தெரியாதாம். யூடியூப்ல பாப்பமாம்.”

“அப்ப என்னத்துக்கு அவ?”

“உங்களோட நிண்டா, நான் பிள்ளையைத் தூக்க முதல் நீங்கள் தூக்கிடுவியள். அம்மம்மாவோட எண்டா நான் பிழை விடலாம். ப்ளீஸ் அப்பம்மா, டோன்ட் பி மேட்.”

“சரி பிள்ளை.” வைத்துவிட்டேன்.

பிழை விடலாமாம். பிள்ளை என்ன வில்லோத் தடியா, பிடுங்கித் திருப்பி நட?

மத்தியானம் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன், புட்டு வீணாகிவிடும். மகன் சொல்கிறான், “உங்களுக்கும் வயசு போச்சு அம்மா, ஆறுதலா இருங்கோவன்.” சம்பந்தியம்மாவுக்கு மட்டும் வயது போகவில்லையா?

அன்று தடியைப் பறித்தேன்தான். பிள்ளைக்குக் கை நோகும் என்றுதானே?

ஜூன் 9, செவ்வாய்

துஷா போன் இல்லை. நானும் அவளுக்குப் போன் எடுக்கவில்லை. சரக்குத்தூள் வறுத்தேன். நாலு மாதம் முந்தி யாராவது வறுப்பார்களா? வறுத்தேன்.

ஜூலை 5, ஞாயிறு

போவதில்லை என்றுதான் இருந்தேன். மகன் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டான்.

என் தடிகளில் புதுக் கொப்புகள், கை நீளம். கீழே வளைத்து ஒன்றோடொன்று கட்டினால் இடைவெளி மறையுமாம். துஷா வயிற்றைத் தள்ளிக்கொண்டு கதிரையில் இருந்து கட்டினாள். எல்லாம் பிழை. முடிச்சு இறுக்கம், தோல் உரியும். ஒன்றை முறித்தும் விட்டாள். என் கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கை மரத்துப்போயிற்று.

“இது சரியோ, அப்பம்மா?”

வாய்வரை வந்தது. விழுங்கினேன். “நீயே பார்.”

பார்த்தாள். அவிழ்த்தாள். தளர்த்திக் கட்டினாள். அடுத்ததும் பிழை. அதையும் அவளே அவிழ்த்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மா, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு: “துஷாக்குட்டி, இஞ்ச ஓடி வா, இந்த வீடியோவில வடிவாக் காட்டுறான்!”

“பொறுங்கோ அம்மம்மா. அப்பம்மாவோட நிக்கிறன்.”

சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வடிவாகப் பார்த்தேன்.