நான் அடிக்கவில்லை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கிறிஸ்டினாவுக்கு உடம்பு துடைத்தேன். தொடையில் இன்னொரு ரத்தக்கட்டு, கத்தரிக்காய் நிறம். பக்கவாதம் வந்ததிலிருந்து விழுங்க முடியாது; ஒன்றரை வருஷமாக வயிற்றுக் குழாயில்தான் சாப்பாடு. பேச்சும் இல்லை. கட்டிலை விட்டு இறங்காதவள் எங்கே போய் இடித்துக்கொள்வாள்?

ஈறிலும் ரத்தம். போன மாதம் பார்த்த டாக்டர், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைதான் காரணம், "உங்க மிஸஸுக்கு வயசும் ஆகுதில்ல சார்" என்றார். அவளுக்கு ஐம்பத்தி நாலு. என்ன பெரிய வயசு!

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து அவள் அக்கா ஜோசலின் வந்தார். நைட்டி மாற்றும்போது காலைப் பார்த்துவிட்டார். கிறிஸ்டினா, வேலை செய்கிற அந்த ஒரு கையால் அவசரமாகப் போர்வையை இழுத்து மூடினாள். வெட்கமா, என்னவோ. அக்காவுக்கு அது போதும்.

"எதுக்கு மறைக்கிறா? பயப்படுறா மெர்வின். உங்க கோபம் எங்களுக்குத் தெரியாதா?"

பி.டி. வாத்தியார் என்றால் வீட்டிலும் கை ஓங்குவான் என்று முடிவே கட்டிவிட்டார். கூடுவாஞ்சேரியில் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் இருக்கிறதாம், பெட் சொல்லி வைத்தாயிற்றாம். அடுத்த ஞாயிறு வந்து கூட்டிப் போவாராம்.

நான் அடிச்சேனா? நானா? அவளைத் திருப்பிப் போடும்போது வலிக்குமோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிறவன் நான்!

ஜூன் 9

அனுப்ப மாட்டேன். எவர் வருகிறார் பார்க்கிறேன்.

ஜூன் 11, புதன்

தாம்பரம் கேம்ப் ரோடு நெரிசலில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து, வேறு ஆஸ்பத்திரி. டாக்டர் ப்ரியா, சின்னப் பெண். பழைய பதிலையே சொன்னால் கத்துவது என்று தயாராகப் போனேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே கத்திவிட்டேன் — "காரணம் தெரியாம இங்கேருந்து நகர மாட்டேன்மா."

அவர் அசரவில்லை. காலில் டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், குழாய்ல என்ன ஊத்துறீங்க?"

அரிசி, பாசிப்பருப்பு, கேரட். குக்கரில் குழைய வேகவைத்து, அரைத்து, குழாய் அடைக்காமலிருக்க இரண்டு தடவை வடிகட்டி, மறுபடி கொதிக்கவைத்து. நடுநடுவே பால். டப்பா பவுடர் பேதியாகிறதென்று எப்போதோ நிறுத்தியாயிற்று.

"பழம்? ஜூஸ்?"

"மழைக்காலத்துல நெஞ்சுல சளி கட்டிச்சு. சாத்துக்குடி குளிர்ச்சி, தரவே கூடாதுன்னு அவங்க அக்கா சொன்னாங்க. அதோட நிறுத்தினது."

வைட்டமின் சி இல்லை, ஸ்கர்வி என்கிறார். இடிக்காமலே ரத்தம் கட்டுமாம். சோதனை முடிவு வருமுன்பே மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் மாதக்கணக்காகக் கப்பலில் போனவர்களுக்கு வந்த நோயாம். தாம்பரத்துக்கு எந்தக் கப்பல் வந்தது!

சிரித்தேன். பிறகு வராந்தாவில் அழுதேன். பழி நீங்கியதற்கா, இத்தனை மாதம் அவளுக்கு வலித்ததற்கா?

ஜூன் 14, சனி

ரத்தப் பரிசோதனையும் அதையே சொல்கிறது. மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் குழாயில் விடுகிறேன். சாத்துக்குடிச் சாறு தனியாக. பாலோடு சேர்ந்தால் திரிந்து அடைத்துக்கொள்ளும்.

அக்காவுக்கு போன் போட்டேன். "நாளைக்கு வராதீங்க. வந்தா கேட்டைத் திறக்க மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாருங்க." டாக்டர் சொன்னதையும் சொன்னேன். சாத்துக்குடியை நிறுத்தச் சொன்னது யார் என்று அவருக்கே ஞாபகம் வந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது, சொல்லிக்காட்டவில்லை.

ஜூன் 20

ஈறில் ரத்தம் இல்லை!

ஜூன் 29, ஞாயிறு

கேட்டைத் திறந்தேன். அக்கா கையில் ஒரு பை சாத்துக்குடி. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மெர்வின், நான்..."

"சக்கை இல்லாம வடிகட்டுங்க, குழாய் அடைச்சுக்கும்" என்றேன். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் இல்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

டம்ளரோடு அவர் கட்டிலருகே போனதும் கிறிஸ்டினாவின் கை போர்வைக்குப் போனது. மூடப்போகிறாள் என்று நினைத்தேன். தொடைவரைக்கும் விலக்கினாள். லேசான மஞ்சள் தவிர ஒன்றுமில்லை.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள். அவர் தலை குனியும்வரை விடவில்லை.