றெஜினா அக்காவின் பங்கு

வியாழன், மார்ச் 8

தனியே பாடினால் றெஜினா அக்காவுக்குச் சுருதி விலகும். ஆனாலும் அவர் பக்கத்தில் நின்றால் மட்டும் நான் ஏன் நன்றாகப் பாடுகிறேன்? தெரியாது.

வெளியே மைனஸ் பன்னிரண்டு. கார்க் கண்ணாடியில் ஐஸ்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் மூன்றே பெண்கள்: அக்கா, செல்வி, நான். குழுவை நடத்தும் ஞானம் அண்ணை தொலைபேசியில்: "அக்காவை இந்த ஞாயிறோட நிப்பாட்டுவம். நீர்தான் பக்குவமாச் சொல்லவேணும்."

நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் அக்கா தனியாள். வேலை, வீடு, இந்தப் பாட்டு. எந்த வாயால் சொல்வது?

லொங்குய்ய் நகரில் என் அலுவலகத்தில் இன்றும் கூட்டம், இன்றும் 'சினெர்ஜி': சேர்ந்தால் கூட்டலைவிடக் கூடுமாம். அளந்து காட்டியவர் ஒருவருமில்லை.

வெள்ளி, மார்ச் 9

பயிற்சி. சின்ன ரெக்கார்டர் கொண்டுபோனேன். ஒரே பாட்டு, தனித்தனியே, இரண்டிரண்டு பேராக, மூவருமாக.

செல்வி: "என்னக்கா, பொலிஸ் விசாரணையா?"

றெஜினா அக்கா: "பேசாமப் பாடடி. கேஸ் தோத்தாலும் பாட்டு மிஞ்சும்."

வாங்க: பால், வெண்டைக்காய், வாசல் ஐஸுக்கு உப்பு.

சனி, மார்ச் 10

யார் பாடுவதென்று சொல்லாமல் வீட்டில் இவருக்குப் போட்டுக் காட்டினேன். வெங்காயம் உரித்தபடியே பத்துக்குப் புள்ளி போட்டார்.

தனியே: அக்கா 1, செல்வி 2, நான் 2. ("இது ஆர், பாவம்?" நான்தான்.)
செல்வியும் நானும் 4. வெறும் கூட்டல்.
எங்களில் ஒருத்தியோடு அக்கா 5.
மூவரும் 9.

பல்கலைக்கழகத்தில் படித்த கூட்டு விளையாட்டுக் கோட்பாடு: சேர்ந்து பெற்றதில் யார் பங்கு எவ்வளவு? மூவரும் எந்தெந்த வரிசையில் வந்து சேரலாமோ அத்தனையும் எழுதி, ஒவ்வொருத்தி சேரும்போதும் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துச் சராசரி எடுப்பது. அக்கா 3, செல்வி 3, நான் 3. மூவருக்கும் சரிபங்கு. திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அதேதான்.

நம்பலாமா? ஒரு மனிதர், ஒரு பாட்டு. சங்கீதமும் தெரியாதவர். ஆனாலும் ஞானம் அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். "சரி. நாளைக்குப் பாத்திட்டு முடிவெடுப்பம். பிழை வந்தா என்னைக் குறை சொல்லாதையும்."

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மீன்குழம்பு நன்றாக வந்தது.

ஞாயிறு, மார்ச் 11

வெயில்.

இது தவக்காலம்; ஈஸ்டர் வரை அல்லேலூயா பாடுவதில்லை. நற்செய்திக்கு முன் அக்கா மறந்துபோய் அதையே தொடங்கினார். செல்வி பிடித்தாள், நான் பிடித்தேன், ஞானம் அண்ணையின் விரல்கள் கீபோர்டில் தாமாகப் போயின. கோயில் முழுவதும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு ஒன்றாக நாங்கள் பாடியதேயில்லை. முடித்த பிறகுதான் சுவாமியாரின் முகத்தைப் பார்த்தோம்.

பூசை முடிந்ததும் ஞானம் அண்ணை நேரே அக்காவிடம் போனார். நான் கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதுபோல் நின்றேன்.

"வாற வெள்ளி பயிற்சிக்கு நேரத்தோடயே வாங்கோ அக்கா. தவக்காலப் பாட்டு எனக்கே மறந்துபோச்சு."

"ஓம், வாறன்."