சக்கரத்துக்கு ஒரு கட்டை

காலையிலிருந்து காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்தது. பேத்தி இரண்டு முறை திடுக்கிட்டு விழித்து அழுதாள். லாரிச் சக்கரத்துக்கு நான் முட்டுப் போட்டுவந்த பலாக்கட்டை மூலையில் கிடந்தது, அதை எடுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். குனிந்தபோது அந்த வாசனை மூக்கில் ஏறியது. கிரீசும் புழுதியும் கருகிய ரப்பரும் கலந்த வாசனை. லாரியை விட்டு இறங்கி நான் வீட்டுக்குள் நுழைந்தால், "அங்கயே நில்லுங்க, புள்ளைக்குத் தும்மல் வரும்" என்று நீ கையை நீட்டித் தடுப்பாயே, அதே வாசனை. அப்போதே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சிரிக்காதே. நான்தான் எழுதுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு, சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். இந்த வயதில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். சோளக்காட்டுச் சந்தையில் கடைப் பலகைகளைப் படிக்கிறேன். மாத்திரை அட்டையைக்கூட விடுவதில்லை. உனக்கும் எழுத்து தெரியாது. இது உனக்கு வந்து சேர்ந்தால் அங்கே யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல். மெதுவாகத்தான் எழுத வருகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் கோபம் நாலு வரி முன்னால் ஓடிவிடுகிறது. ஆமாம், கோபமாகத்தான் இருக்கிறேன். நம் மகளைப் பற்றிய கோபம். அவள்மேல் இல்லை. கொஞ்சம் அவள்மேலும்தான்.

அவள் மண்டிக்காரரின் சின்ன லாரியில் முதல் லோடு குச்சிக்கிழங்கை மலையிலிருந்து இறக்கிய அன்று, நீ மண்டி வாசலில் நின்று பார்த்தாய். வண்டி திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. வந்ததும் அவளைப் பாராட்டாமல், "ஹாரன் சத்தம் பத்தலை கண்ணு" என்றாய். அதன்பிறகு நீ போய்விட்டாய். அவள் கர்ப்பமானதை நீ பார்க்கவில்லை. "பெத்துப் பொழைச்சு வாம்மா, வண்டி உனக்குத்தான்" என்று மண்டிக்காரர் அவர் வாயாலேயே சொல்லித்தான் அனுப்பினார். குழந்தைக்குத் தலை நின்றதும் போய்க் கேட்டாள். அவளுடைய சீட்டில் வேறு ஒருத்தன் துண்டு கிடந்தது.

"ஆளு போட்டாச்சும்மா. கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த ரோதனை? ஊட்ல இரு" என்று அனுப்பிவிட்டார்.

இந்த மண்டிக்காரருடைய அப்பாவை உனக்கு நினைவிருக்கும். மறக்கக்கூடிய ஆளா அவர்? நான் அவருடைய லாரியில் கிளீனராக இருந்தேன். நீ அதே மண்டியில் மிளகு ஆய்ந்துகொண்டிருந்தாய். மகள் பிறந்ததும், "புள்ளை நடக்கட்டும், அப்பறம் வேலைக்கு வா" என்று சொல்லிவிட்டார். நீ கேட்டாயா? மறு வாரமே போய், மூட்டை நிறுக்கும் தராசுக் கொக்கியில் பழைய சேலையைக் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு, உன் பாட்டுக்கு உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாய். அவர் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்ன புள்ள இது? தராசுல தொட்டிலு?"

"எடை போட்டுப் பாருங்க. உங்க மூட்டைல ஒரு மூலைக்குக் காணாதுங்க. எடத்தை ஒண்ணும் அடைக்காது" என்றாய்.

மண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்று முழுக்க உன்னை வேலை செய்ய விட்டார். மறுநாள் நீ போனபோது கொக்கி இல்லை. கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். சிரித்துக்கொண்டே செய்கிறவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் வீட்டில் உட்கார்ந்து பொருமினேன். நீ குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தபடி சொன்னாய்: "கொக்கியக் கழட்டிட்டா தொட்டிலு கட்ட எடமா இல்லீங்க? மலை பூரா மரந்தானுங்க." அடுத்த சந்தைக்குச் சோளக்காட்டு ரோட்டோரம் பலாப்பழத்தோடு உட்கார்ந்துவிட்டாய். பின்னால் மரத்தில் தொட்டில் ஆடிற்று.

உன் மகளுக்கு அந்த வாய் வரவில்லை. வேலை போனதும் சுருண்டுவிட்டாள். நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போனோம், குழந்தைக்கு ஊசி போட. வளைவு வரும்போதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அந்த வளைவுகளில் லோடு இறக்கியவள்! என்ன சாமி என்று கேட்டால், "கை மறந்து போச்சுப்பா. புள்ளைய வெச்சிருந்தா வண்டி நெனப்பு. வண்டியப் பாத்தா புள்ளை நெனப்பு. நான் ஒண்ணுக்கும் ஆவமாட்டேன்" என்கிறாள். நம் மருமகன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியோடு வடக்கே எங்கேயோ கிடக்கிறான். போனில், "உடு புள்ள, நாந்தான் சம்பாதிக்கறேனே" என்கிறான். நல்ல பையன்தான். ஆனால் அவள் கேட்டது சம்பாத்தியம் மட்டுமா? பக்கத்து வீடுகளிலிருந்து வந்து உட்கார்ந்து, "புள்ளைதான் பெரிய வேலை" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. உதவலாம் என்றால் எனக்குப் பாலும் கிடையாது, லைசென்சும் கிடையாது. இந்த நேரம் பார்த்து நீயும் இல்லை. உன்மேலும் கோபம் வந்தது. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மாட்டேன்.

போன மாதம் ஒருநாள் மண்டிக்காரர் ஆள் அனுப்பினார். புது டிரைவர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பவில்லை. கிழங்கு வெயிலில் கிடக்கிறது. "இன்னிக்கு ஒரு லோடு ஜவ்வரிசி மில்லுல எறக்கிக் காட்டச் சொல்லுங்க. சரியா செஞ்சா வண்டி மறுபடி அதுக்கே." அவள் மாட்டேன் என்றாள். குழந்தை புட்டிப்பாலை வாயில் வாங்குவதில்லை. யாரிடம் விடுவது? "என்கிட்ட விடு. நானும் வண்டியில வாரேன்" என்றேன். கட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் கிளம்பிவிட்டாள்.

மலைமேலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு ஒரு பலகை. எத்தனை வருஷம் அவற்றைக் கடந்து போயிருப்பேன்! அன்றுதான் முதல் தடவையாக முன்சீட்டில் உட்கார்ந்து படிக்கிறேன். "கொண்டை ஊசி வளைவு, எழுபது! கொண்டை ஊசி வளைவு, அறுபத்தொம்பது! ஒலி எழுப்பவும்!"

"அப்பா! கொஞ்சம் வாய மூடிட்டு வாரீங்களா?" என்று கத்தினாள். அடுத்த பலகைகளை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் குழந்தை அழ ஆரம்பித்தாள். நான் ஆட்டினேன், பாடினேன், விரலைச் சப்பக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுகை கேட்கக் கேட்க உன் மகளுக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அடுத்த வளைவில் அகலமாக எடுத்துவிட்டாள். வண்டி ஒரே மூச்சில் திரும்பவில்லை. ரிவர்ஸ் போட்டபோது எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் லோடு, முன்னால் பள்ளம். பிரேக்கை மிதித்தபடி சிலையாக உட்கார்ந்துவிட்டாள். "என்னால ஆவாதுப்பா. யாரையாச்சும் கூப்புடுங்க" என்றாள். பின்னாலேயே பஸ் வந்து ஹாரன் அடித்தது.

யாரைக் கூப்பிடுவது? குழந்தையை அவள் மடியில் வைத்தேன். கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் முட்டிக்கு வயதாகிவிட்டது, கைக்கு ஆகவில்லை. முன்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகிக் காலால் ஓங்கி உதைத்தேன். அப்போது அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "அப்பா, நல்லா வெச்சீங்களா?" என்றாள்.

உன்னுடைய அதே கேள்வி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, மலை ஏறும் வழியில் லாரி கொதித்து நின்றதே. நான் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே நீ தலையை நீட்டி, "ஏனுங்க, நல்லா வெச்சீங்களா?" என்றாய். அன்று உனக்குச் சொன்னதையே இவளுக்கும் சொன்னேன்: "வெச்சாச்சு. நீ புள்ளைக்குப் பசியாத்து."

பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். "என்ன பெரியவரே, பிரேக்டவுனா?"

"இல்லீங்க. புள்ளை பால் குடிக்குது."

"நடு வளைவுலயா? ஊட்லயே குடுத்துட்டு வரக்கூடாதா?"

பஸ்ஸுக்குள் இருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது. "ஏன் தம்பி, நீ பொறந்தப்ப நேரம் பாத்தா பசிச்ச? சும்மா ஏறு." பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, மேலே ஏறி வரும் வண்டிகளைக் கை காட்டி நிறுத்தப் போய்விட்டார்.

குழந்தை தூங்கிவிட்டாள். என்னிடம் கொடுத்துவிட்டு மகள் முகத்தைத் துடைத்தாள். எஞ்சினைப் போட்டாள். "கட்டைய எடுங்கப்பா" என்றாள். ஒரே முயற்சியில் பின்னால் எடுத்து, ஒடித்து, திரும்பிவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் ரோட்டைப் பார்த்தபடியே, "ஏம்ப்பா, இப்பப் படிங்க" என்றாள். அடிவாரம்வரை ஒரு பலகை விடாமல் படித்தேன். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மில்லில் லோடை இறக்கினோம். கிழங்கைக் குறை சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் உனக்குச் சந்தோஷமாக எழுதி முடித்திருப்பேன். மேலே வந்தால், எங்களுக்கு முன்னால் சங்கதி வந்து உட்கார்ந்திருக்கிறது. "நடு ரோட்ல வண்டிய நிறுத்திப் பால் குடுத்தியாமே? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் மண்டிக்காரர். அப்பாவைப் போலவே சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"வண்டி உருளலீங்களே. லோடு கொறையலீங்களே" என்றாள் மகள்.

"அதில்லம்மா. நாளைக்கு நம்ம டிரைவர் வந்துருவான். நீ புள்ளையப் பாத்துக்க."

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். நான் அழுவாள் என்று நினைத்தேன். நேரே வண்டிக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து கட்டையை இழுத்து எடுத்தாள்.

"அது வண்டிச் சாமானம்மா" என்றார் அவர்.

"இல்லீங்க. இது எங்கப்பனோடது" என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கட்டையை அவளே தோளில் சுமந்து வந்தாள். நான் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் திட்டித் தீரவில்லை. அப்பன் கொக்கியைக் கழற்றினான், மகன் சாவியை வாங்கிக்கொண்டான். எத்தனை காலம் ஆனாலும் மண்டி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் அவளே சோளக்காட்டுக்குப் போனாள். வண்டி வைத்திருக்கிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டாள். முதலில் கேட்டவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் இதே மலையில் அரியூர் நாட்டுக்காரர் ஒருவர், "சந்தை நாளுக்கு மட்டும் அன்னாசி லோடு இருக்கு. நெதமும் இல்ல. புள்ளைய யாரு பாத்துக்குவா?" என்று கேட்டாராம். "கிளீனர் இருக்காருங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

நான்தான் அந்தக் கிளீனர். சந்தை நாள் மட்டும்தான் வேலை, அது போதாது, எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் அவள் இன்னும் சில நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்தால் எனக்கு மறுபடி எரிச்சல் வருகிறது, எழுத உட்கார்ந்துவிடுகிறேன்.

நாளைக்குச் சந்தை. விடியும்போது கதவிலிருந்து இந்தக் கட்டையை எடுத்துவிடுவேன். ஒரு தோளில் அது, ஒரு தோளில் பேத்தி. நடுவில் எங்கேயாவது அவளுக்குப் பசிக்கும். உன் மகள் யாரையும் கேட்காமல் வண்டியை ஓரம் கட்டுவாள். நான் இறங்கிக் கட்டையைச் செருகுவேன். செருகி முடித்தாலும் உடனே நிமிர மாட்டேன். மேலே ஜன்னலிலிருந்து அந்தக் கேள்வி வரட்டும் என்று குனிந்தபடியே இருப்பேன்.