ரெண்டு ஓட்டைப் பிளக்கு

ரிச்சுக்கண்ணு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கச்சி ஹஸ்னாவும் அல்லா காவல்ல இருக்கோம், அங்க தோஹாவுல நீயும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு அஞ்சு நேரமும் கேட்டுக்கிட்டு இருக்கேன். நான் கடுதாசி எழுதி வருசக்கணக்காச்சு, அஞ்சாப்பு எழுத்துதான், பாத்துப் படி. போன்ல உங்கத்தா மௌத்தாகிப் போன பேச்ச எடுத்தாலே டூட்டிக்கு நேரமாச்சுன்னு நீ வச்சிர்ற. உன் ரூம்ல இருக்க மானகிரி முத்துக்கண்ணன் லீவு முடிஞ்சு ஞாயித்துக்கெழம திரும்புறான்னு கேட்டதும் அவன் கையில குடுத்து விடலாம்னு உக்காந்துட்டேன். பாதியில மடிச்சு வச்சிராத, கடைசி வரைக்கும் படி.

முத்துக்கண்ணன் வாசல்ல நின்னுதான் பேசினான், நான் இத்தாவுல, நாலு மாசம் பத்து நாளும் வெளி ஆம்பளக முன்னால வராம இருக்கதால கதவுக்கு உள்ள இருந்து கேட்டேன். ரூம்ல யாரு பிளக்குல எதச் சொருகுனாலும் நீ எந்திரிச்சு வெளிய போயிர்றியாம். இளைச்சுட்டான்னு சொல்ல மனசில்லாம, அவன் பேண்ட்டெல்லாம் தன்னால பெருசாயிருச்சும்மான்னு சிரிக்கப் பாத்தான், அவனுக்கே சிரிப்பு வரல. நீ எதுக்கு இப்படி ஆகுறன்னு எனக்குத் தெரியும். போன லீவுக்கு உங்கத்தாவுக்கு ஆசையா வாங்கியாந்து குடுத்த அந்த ஈயம் ஒட்டுற சால்ட்ரிங் அயன்தான் அவுகளக் கொன்னுச்சுன்னு நீ நெனக்கிற. அதப்பத்தித்தான் எழுதுறேன். போன செவ்வாக்கெழம லுஹர் தொழுதுகிட்டு இருக்கையில அதே ஈயப்புகை வாசம் வந்துச்சு. தொழுகைய விட்டுட்டு ஓடிப் பாத்தா, அரிசி டின்னுக்குள்ள நான் ஒளிச்சு வச்சிருந்த அந்த அயன ஹஸ்னா எடுத்து அடுப்படிப் பிளக்குல போட்டு வேல பாத்துக்கிட்டு இருக்கா. பிளக்கப் புடுங்கிட்டு கன்னத்துல அடிச்சுப்புட்டேன் ரிச்சு, தோளுக்கு மேல வளந்த புள்ளய. அவ அழல. எதுத்த வீட்டு அல்லாபிச்சை மாமுவுக்குக் காது கேக்காம விடியக்கால சகர் சாப்பாடு தப்பிப் போகுதுன்னுதானே அத்தா அந்தப் பெட்டியச் செஞ்சாக, நேரமானா விளக்கு விட்டு விட்டு எரியிற மாதிரி, இன்னும் நாலு கம்பிதான் ஒட்டணும், அத யாரு முடிக்கிறதுன்னு கேட்டா. எனக்கு அது காதுல ஏறல. இதே அயன், இவளுக்கு ஒண்ணும் ஆகல, அவுகள மட்டும் எப்படி எடுத்துச்சுன்னு அந்த ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு.

மருதுவ வரச் சொன்னேன். புதுவயல் அரிசி மில்லுல உங்கத்தா மோட்டார் பாத்தப்ப கூட வேல பாத்த அதே மருதுதான், இப்ப வீடுகளுக்கு கரண்ட்டு வேல பாக்குறாரு. நான் கதவுக்குப் பின்னால இருந்து கேக்க, ஹஸ்னா பக்கத்துல நின்னு பாத்துப் பாத்துச் சொன்னா. அடுப்படிப் பிளக்குல அயனப் போட்டு அதோட மூக்குல டெஸ்டர வச்சா விளக்கு எரியல. பின்கட்டுப் பிளக்குல போட்டு வச்சா பளிச்சுன்னு எரியுதாம். அயனுக்குள்ள கசிவு இருக்கு, இல்லைன்னு உங்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அடுப்படிப் பிளக்குக்கு மூணு ஓட்டை, கசிஞ்சது அந்த மூணாவது கால் வழியா மண்ணுக்குப் போயிருது. பின்கட்டுல ரெண்டே ஓட்டை, அங்க போறதுக்கு வழியில்லாம தொட்ட ஆளு வழியாப் போகுதுன்னாரு மருது.

இனிமேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கு. அன்னைக்கு நோன்பு இருபத்தொண்ணு. உங்கத்தா அடுப்படியில பிரிட்ஜு பக்கத்துலதான் உக்காந்து ஒட்டிக்கிட்டு இருந்தாக. நான் கஞ்சிக்கு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன். புகை மூஞ்சில வந்து அடிச்சுச்சு. நோன்பு வாயோட இந்தப் புகைய இழுக்குறீகளே, எனக்கும் சேத்து நோன்ப முறிச்சு விடப் பாக்குறீகளா, எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போங்கன்னு நாந்தான் கத்துனேன். ஒரு வார்த்த பேசாம எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போனாக. மூணு கால ரெண்டு ஓட்டையில மாட்டுற கட்டை ஒண்ணு இருந்துச்சே, அத வச்சு மாட்டிக்கிட்டாக. அப்பத்தான் நான் தண்ணி ஊத்திக் கழுவி விட்ட சிமெண்டுத் தரை. அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு, பாங்கு சொல்ல இன்னும் நேரம் கெடக்கு, ஒரு கம்பிய ஒட்டிட்டு எந்திரிக்கிறேன்னு ஈரக்காலோட உக்காந்தாக. தட்டு விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சு, பூனைனு நெனச்சு நான் திரும்பிக்கூடப் பாக்கல. மூணாம் நாள் நீ வந்து எறங்கி, நான் வாங்கியாந்த சாமானாலதானே அம்மான்னு என் மடியில விழுந்தப்ப, பின்கட்டுக்கு வெரட்டுனது நான்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. மூணரை மாசமா அத ஒன்னயச் சொமக்க விட்டுட்டு நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கேன். அதுக்கு நீ என்னய என்ன வேணாலும் கேளு.

ஹஸ்னாவுக்குப் புது அயன் வாங்கணும். அந்தச் சாமானே வீட்டுப்படி ஏறக்கூடாதுன்னு நீ சொன்னத மறக்கல. அவ கையக் கட்டிப் போட்டா ஒளிஞ்சு செய்வா, ஒளிஞ்சு செய்யிறவ பின்கட்டுலதான் போய் உக்காருவா. பழச மருது ஒயர நறுக்கி எடுத்துட்டுப் போயிட்டாரு. கொல்லையில குழி வெட்டி கரியும் உப்பும் போட்டு புது எர்த் எறக்கியாச்சு, கசிஞ்சா தானா விழுந்துர்ற சுவிச்சும் வச்சாச்சு, பின்கட்டுப் பிளக்கையே எடுத்தாச்சு. நான் கடைக்குப் போக முடியாது, இத்தா முடிய இன்னும் பதினெட்டு நாள் கெடக்கு. ஹஸ்னா காரைக்குடியில பாத்துட்டு மூணு போட்டோ உனக்கு அனுப்பிருக்கா, நீ தொறக்கவே இல்லையாம். ஒண்ணு, பழைய மாதிரி நேரா கரண்ட்டுல சொருகுற குச்சி, சூட்டுக்கு அளவே கெடையாது, அது வேணாம். ஒண்ணு, சுடுகாத்து அடிக்கிற பெரிய பெட்டி, போன் ரிப்பேர் கடைக்காரகளுக்கு உள்ளது, இவளுக்கு எதுக்கு. நடுவுல உள்ளது சின்னப் பெட்டி, கரண்ட்ட இருபத்துநாலு வோல்ட்டாக் கொறச்சுத்தான் கைக்கு அனுப்புமாம், மூக்குக்கும் எர்த் உண்டாம், சூட்டத் திருகிக் கூட்டிக் கொறைக்கலாம், அயன வைக்க ஸ்டாண்டும் இருக்கு. எனக்கு அதுதான் மனசுக்குப் பட்டுச்சு. ஆனா இந்த வீட்டுக்குள்ள அடுத்த அயனும் உன் சொல்லுலதான் வரணும். நீ பாத்து, சரின்னு ஒரு வார்த்த அனுப்பு.

சோத்த மிச்சம் வைக்காதப்பா. முத்துக்கண்ணன்கிட்ட அதிரசம் குடுத்துருக்கேன், ரூம்ல எல்லாருக்கும் குடு. அல்லா உனக்கு நீண்ட ஆயுசையும் நெறஞ்ச மனசையும் குடுக்கட்டும், உங்கத்தா கபுருக்குழிய வெளிச்சமாக்கி வைக்கட்டும். போட்டோவத் தொறந்து பாக்க மறந்துராத.

உன் அம்மா,
ஜன்னத்துல் பிர்தௌஸ்

மருது போறப்ப சொன்ன ஒண்ண எழுத வேணாம்னுதான் இருந்தேன். எர்த் பாக்காம எதுலயும் கை வைக்காதீகடான்னு மில்லுல எங்கள ஏசுனதே வாஹித் அண்ணன்தாம்மான்னு உங்கத்தாவச் சொன்னாரு. அப்ப அவுகளுக்கு அது தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும், நோன்பு நேரத்துல என்கிட்ட ஒரு வாய்ச்சண்ட வேணாம்னுதான் எந்திரிச்சுப் போனாகளா ரிச்சு?