சயோனராவுக்குப் பொருந்திய சொல்

11-3-94, வெள்ளி

மூன்று வருடம் எனக்குப் பக்கத்து மேஜையில் இருந்த ஜப்பான்காரர் இன்று ஊர் திரும்பினார். பிரிவுபசாரத்துக்கு இங்கிலீஷ் பாட்டு எழுதும் வேலையை வழக்கம்போல என் தலையில் கட்டினார்கள். அவர்கள் ஒரேயடியாக விடைபெறும்போது சொல்வதாம் ‘சயோனரா’. அதில் முடிகிற வரிக்கு ஒலி பொருந்த ஒரு வாரம் தேடியதில் ‘சஹாரா’தான் கிடைத்தது.

“அவர் என்ன பாலைவனத்துக்கா போறார்? மனசுல இருக்கறத எழுதுங்கோளேன்” என்றாள் என் மனைவி சரோஜா. நான் கேட்கவில்லை. ஆபீஸில் எல்லோரும் கைதட்டத்தான் செய்தார்கள்.

சந்தன மாலையோடு வாசலுக்கு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில், “போயிட்டு வரேன்” என்றார். யாரிடமோ கேட்டுப் பழகியிருக்கிறார்.

“போயிட்டு வாங்க” என்று சொல்லத் தெரியாதா எனக்கு? ஒரு வாரமாக வாயில் ஊறிய சொல் முந்திக்கொண்டது.

“சயோனரா” என்றேன்.

மெல்லக் கையை விட்டார்.