பெட்டியின் வருகைப் பதிவேடு

மே 4

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மாதம் பிறந்து நாலே நாள்; இது இரண்டாவது முறை. பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். பாலைப் பார்த்துக்கொண்டே வேறு எதையோ யோசித்திருக்கிறேன். எதை?

சரி, அது போகட்டும். இன்றிலிருந்து பெட்டி அடுக்கும் வேலை. எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு மகள் கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறாள். ஜூன் இருபதாம் தேதி புறப்பாடு. பத்து நாள், வடகோடிக் கடல், பனி மலைகள், அஸ்தமிக்காத சூரியன். முப்பத்தைந்து வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வட்டம் போட்டு நான் விளக்கிய சூரியன். "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். "புத்தகத்துல பாத்திருக்கேன்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

மகள் போனில் மிரட்டினாள். "கோடைக்காலம்னு ஏமாந்துராதம்மா. ஃப்ரிட்ஜ் கதவத் தெறந்து வெச்சு முன்னாடி நிக்கற மாதிரிதான் இருக்கும். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா போட்டுக்கணும்."

வெங்காய உதாரணம் என்னுடையது. வளிமண்டலப் பாடத்துக்கு அவளுக்குச் சொன்னது. வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது.

மே 7

கடைக்குப் போய் வந்தோம். உள்ளே போட உடம்பை ஒட்டிய துணி இரண்டு செட், கம்பளி ஸ்வெட்டர், தண்ணீர் புகாத மேல்கோட்டு. எனக்கு ஒரு பேன்ட்டும் வாங்கினோம். போட்டுக் காட்டியதும் இவர், "இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி இருக்க, டீச்சர்" என்றார். இத்தனை வருடத்தில் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

எல்லாவற்றையும் சூட்கேஸில் வைத்தாயிற்று. இவர் பார்சல் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். எதையும் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார், நூறு கிராம் கூடப் பிசகாது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் குழந்தைகளைத் தூக்கி எடை சொல்லிக் கைத்தட்டு வாங்குவார்.

இன்று சூட்கேஸைத் தூக்கிவிட்டு, "இருபத்திரண்டு" என்றார். கொக்கியில் மாட்டும் சின்னத் தராசில் நான் போட்டுப் பார்த்தேன். பதினேழரை.

"தராசு சரியில்ல" என்றார்.

"கை சரியில்லன்னு சொல்லுங்க. பென்ஷன் கைக்கும் சேத்துத்தான்" என்றேன். நன்றாகச் சிரித்தோம்.

மே 8

இவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். பழைய நோட்டு ஒன்றில் பெட்டிக்கு வருகைப் பதிவேடு திறந்திருக்கிறேன். இருபத்து நான்கு சாமான், இருபத்து நான்கு எண். உள்ளே இருந்தால் கோடு, இல்லாவிட்டால் சுழி. காலையில் இவர் குளிக்கப் போனதும் எடுத்துச் சரிபார்ப்பேன்.

விளையாட்டாகச் செய்யவில்லை. இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு அறுபத்தாறு வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பால். பிறகு சாவி. கடைசி வருடத்தில் நான் உள்ளே நுழைந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "யாரோ டீச்சர் வந்திருக்காங்க, நாற்காலி போடுங்க" என்றாள்.

வருகிற நவம்பரில் எனக்கு அறுபத்தாறு.

மே 11

எண் 9, பைனாகுலர் — சுழி.

நேற்று கோடு போட்டிருக்கிறேன். என் கையெழுத்து. வீடு முழுக்கத் தேடினேன். மேசை இழுப்பறையில், எப்போதும் இருக்கும் இடத்தில், உறையோடு இருந்தது. பெட்டியில் வைக்காமலேயே வைத்ததாகக் குறித்துக்கொண்டேனா?

"ஏங்க, பெட்டியத் தொட்டீங்களா?"

பேப்பரை இறக்காமலே சொன்னார்: "நான் எதுக்குத் தொடப்போறேன்?"

மே 12

பைனாகுலரை மறுபடி வைத்தேன். வைத்ததை உரக்கச் சொல்லிக்கொண்டே வைத்தேன். பைத்தியக்காரி மாதிரி.

மே 16

எண் 14, அவருடைய கனத்த பூட்ஸ் — சுழி. செருப்பு அலமாரியில் கிடந்தது. எண் 9 மறுபடி சுழி.

மே 17

எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். நான் எடுத்த முதல் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். எண் வரிசைப்படி பெயர் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். இருபத்தாறு வரை மழை மாதிரி வந்தது.

இருபத்தேழு?

முகம் இல்லை, பெயர் இல்லை. இருபத்தெட்டு வருகிறது, இருபத்தொன்பது வருகிறது. நடுவில் மட்டும் பல் விழுந்த இடம்போல ஒரு ஓட்டை. குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காதபடி அழுதேன்.

இவர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பழைய பசங்களுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கற?" என்றார்.

"ஆமா. சும்மா" என்றேன்.

மே 20

கப்பலில் இரண்டாயிரம் அறைகளாம். மகள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். நீளமான நடை, இரண்டு பக்கமும் ஒரே நிறக் கதவுகள். நடுவில் நான் நிற்கிறேன், எந்தக் கதவு என்று தெரியவில்லை. பகலிலேயே இந்தக் காட்சி வருகிறது. சுற்றிலும் தண்ணீர். இறங்கி ஓடவும் முடியாது.

மேல்கோட்டின் உள்பக்கம் அறை எண்ணை நூலால் தைத்தேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தாய் தைத்து அனுப்புவாளே, அப்படி. கையுறைகளிலும் தைத்தேன். கதவுப் பிடியில் கட்ட ஒரு சிவப்புக் கம்பளிக் குஞ்சமும் செய்து வைத்திருக்கிறேன். எண் 25.

சாயங்காலம் காய்கறி வாங்கி வந்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இவர் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்தார். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிறார்களாம், ஜனவரியில்! "இன்னுமா மனப்பாடம் ஆகல? நாளைக்கு ஒப்பிக்கச் சொல்வேன்" என்றேன். கையைத் தூக்கி, இரு என்பதுபோல் காட்டினார். பை இரண்டையும் நானே மேலே கொண்டுவந்தேன். அவர் வருவதற்குள் காயெல்லாம் கூடைக்குப் போய்விட்டது.

மே 24

மகளிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அவள் எடுத்தவுடன், "அம்மா! கண்ணுக்குக் கட்டற பட்டி எடுத்து வெச்சாச்சா? சூரியன் போகவே போகாதும்மா, அப்பா தூக்கம் வரலன்னு கத்துவாரு" என்று ஒரே சந்தோஷம்.

"வெச்சாச்சு. எண் 19" என்றேன்.

"என்ன எண்?"

"ஒண்ணுமில்ல."

சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவாள். சோதனைக்குக் கூட்டிப் போவாள். சோதனையில் என்ன வருமோ. தெரியாமல் இருப்பது பயமா, தெரிந்துகொள்வது பயமா? இரண்டும்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

மே 26

எண் 3, அவருடைய பெரிய மேல்கோட்டு — சுழி. அலமாரியில் தொங்குகிறது. அதன் உள்பக்கமும் அறை எண்ணைத் தைத்தது நான்தான். தைத்ததும் மடித்துப் பெட்டியில் வைத்தது நினைவில் இருக்கிறது. ஜிப் சிக்கிக்கொண்டது கூட நினைவிருக்கிறது! அப்புறம் எப்படி?

மே 27

இன்று அழவில்லை. அழுது பார்த்தாயிற்று, பிள்ளைகளுக்குச் சொல்வதைச் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். விடை தெரியாவிட்டால் தெரிந்ததை வரிசையாக எழுது.

வராதவர்கள்: பைனாகுலர், பூட்ஸ், வெந்நீர் பிளாஸ்க், மேல்கோட்டு, பைனாகுலர் மறுபடி, பூட்ஸ் மறுபடி.

ஒரு நாளும் தவறாமல் வந்தவர்கள்: கையுறை, தொப்பி, கண்பட்டி, குமட்டல் மாத்திரை, காலுறை, குஞ்சம்.

இவற்றுள் பொதுப்பண்பு என்ன? முப்பத்தைந்து வருடம் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். பேனா நின்றுவிட்டது.

கனம்.

மறதிக்குத் தராசு தெரியாது. மறப்பதாக இருந்தால் கையுறையையும் மறந்திருக்க வேண்டும்.

ஊகம் போதாது, சோதனை வேண்டும். பெரிய அகராதியை எடுத்தேன், இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். பெட்டியின் அடியில் வைத்தேன். பக்கத்தில் பஞ்சு மாதிரி ஒரு மெல்லிய கழுத்துத் துணி. இரண்டும் இன்றைக்குப் புதுசு.

மே 28

காலை ஏழு மணி. கழுத்துத் துணி இருக்கிறது. அகராதி புத்தக அலமாரிக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைக்கக் கூடாது. என் புத்தி என்னிடம்தான் இருக்கிறது! அது எத்தனை வினாடி இருந்ததோ. அடுத்து மே ஏழாம் தேதி நினைவுக்கு வந்தது. பதினேழரைக் கிலோ அவர் கைக்கு இருபத்திரண்டு. தராசு சரி. கையும் பொய் சொல்லவில்லை — அதற்கு அவ்வளவு கனமாகத்தான் இருந்திருக்கிறது. ஜனவரி மாத அறிவிப்பு. இரு என்று தூக்கிய கை.

எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"கப்பலுக்கு அகராதி எதுக்குன்னு எடுத்தீங்களா, கனமா இருக்குன்னு எடுத்தீங்களா?"

பேப்பர் மெல்ல இறங்கியது. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டும்போது பிடிபட்ட பையனின் முகம்.

"எத்தன நாளா?"

"நெஞ்சு வலியெல்லாம் இல்ல டீச்சர். ஒரு இறுக்கம். படி ஏறுனா, ஏதாவது தூக்குனா. நின்னா போயிருது."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"மார்ச்சுலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டிக்கெட்டக் கிழிச்சுப் போட்ருவ. முப்பத்தஞ்சு வருஷம் அந்தச் சூரியன ஊருக்கெல்லாம் காட்டிட்ட. ஒரு தடவ நீ பாத்துட்டு வந்துரணும்னு நெனச்சேன். கொஞ்சம் வெயிட்டக் கொறச்சா சமாளிச்சுரலாம்னு..."

பதிவேட்டை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். சுழிகளைப் பார்த்தார். அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியும்.

"எனக்குப் புத்தி போவுதுன்னு நெனச்சேன்யா!" என்று கத்திவிட்டேன். யா! நாற்பது வருடத்தில் முதல் தடவை. "தெனம் தெனம் செத்தேன். நான் எதுக்குத் தொடப்போறேன்னு சொன்னீங்களே. பாவி மனுஷா."

அவர் சுழிகளின் மேல் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். "இவ்வளவா?" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அவர் அப்பா போனபோது, அடுத்தது இன்று.

பதினோரு மணிக்கு டாக்டர். டாக்சியில் போனோம். படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் மாடியில் நின்றோம். அறிவிப்பை நானும் படித்தேன்.

மே 30

மூன்று அடைப்பு.

ஜூன் 1

இதய டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பயணத்தைப் பற்றிக் கேட்டதும், "கப்பல்ல மட்டும் இது நடந்திருந்தா..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். முடிக்காத வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இவளுக்கு முழு மதிப்பெண்.

அறுவை சிகிச்சை புதன்கிழமை. மகள் நாளை வருகிறாள்.

ஜூன் 3

உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரம் ஆகிறது. வெளியே நடையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே நிறக் கதவுகள்.

ஏ.சி. குளிர் எலும்பைக் குடைகிறது. பெட்டியைப் பிரித்து மகள் எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கிறாள். உள்துணி, ஸ்வெட்டர், மேல்கோட்டு, தொப்பி. வெங்காயம் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். துடைப்பத்தோடு வந்த பெண், "எந்த மலைக்கும்மா கெளம்பிட்டீங்க?" என்றாள். சிரிக்கப் பார்த்தேன். அவள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

முதல் வகுப்புப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வேறு ஜெபம் எனக்குத் தெரியாது. இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு —

இருபத்தேழு. பெயரைச் சிவப்பு மையில் அடித்த ஒரு கோடு. ஜூலையில் அப்பாவுக்கு மாற்றல் என்று கூட்டிப் போய்விட்டார்கள். மூன்றே வாரம் என் வகுப்பில் இருந்த பிள்ளை. மீதி வருடம் முழுக்க அந்த எண்ணில் யாரும் இல்லை. நானும் இருபத்தாறிலிருந்து இருபத்தெட்டுக்குத் தாவித்தான் கூப்பிட்டேன்.

என்னிடம் ஓட்டை இல்லை. ஆனால் இப்போது அது யாருக்கு வேண்டும்? என் புத்தியை வேண்டுமானால் எடுத்துக்கொள். அவரைக் கொடு.

ஜூன் 4

கண் திறந்தார். வாயில் குழாய். என் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலை மூன்று முறை மடக்கி நீட்டினார். எனக்கு என்னவோ அவர் எடை சொல்வதாகப் பட்டது.

ஜூன் 20

இன்று கப்பல் போயிருக்கும். இவர் வீட்டுக்குள் இருபது தப்படி நடந்தார்.

ஜூலை 15

மகள் வற்புறுத்தலில் நானும் சோதனைக்குப் போனேன். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் பரீட்சையில் ஏன் நடுங்குகிறார்கள் என்று இந்த வயதில் புரிந்தது. வயதுக்கு உரிய மறதிதானாம், வருடம் ஒரு முறை வந்து காட்டச் சொன்னார்கள். பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் இப்போது அதைத் தூக்க இரண்டு பேர்.

ஆகஸ்ட் 9

காலையில் பால் பொங்கியது. பொங்கட்டும்.

மூன்று கிலோ வரை தூக்கலாம் என்று நேற்று டாக்டர் சொன்னாள். நான் அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். இவர் வந்து பூட்ஸையும் பைனாகுலரையும் ஒரு பையில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். எனக்கு மூச்சு நின்றது. அவர் மூச்சு ஒரே சீராக இருந்தது. அதை நான் எண்ணினேன்.

"ரெண்டே முக்கால்" என்றார்.

பையை வாங்கித் தராசுக் கொக்கியில் மாட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன்.

"என்ன டீச்சர், தப்பா?"

தராசும் இரண்டே முக்கால்தான் சொன்னது. சமையலறைக்குப் போய்ப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். எண் 9, எண் 14. அவற்றின் கீழே எண் 26 என்று புதிதாக ஒரு வரி சேர்த்து, அவர் பெயரை எழுதினேன்.

மூன்றுக்கும் கோடு.